செவுள பாத்தியாடா?

எங்க ஆயா காசிமேட்டுல நாப்பது வருஷத்துக்கு மேல கூடை வெச்சு மீன் வித்தது. அது கண்ணு முன்னாடி செத்த மீன கணக்கு போட்டா லாரி லாரியா வரும். அப்படிப்பட்ட மனுஷி ஒரு வியாழக்கிழமை காலைல எங்க ஹால்ல, கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு நீல கலர் மீனு தொட்டில மல்லாந்து கெடக்கறத பாத்துட்டு, காபி டம்ளர கீழ வெச்சுட்டு "இன்னாடா இது, கடல் மீனு கடல் தண்ணிலயே சாவுது"ன்னு கேட்டுச்சு.

எனக்கு பதில் தெரியல. அன்னிக்கு மட்டும் இல்ல, அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துக்கும் தெரியல.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். ராயபுரம், கல்மண்டபம் பக்கம் வீடு. பாரிஸ் கார்னர்ல ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்ல வேல. சின்ன வயசுலேர்ந்து மீன் வளக்கற பைத்தியம், ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஃபைட்டர் விட்டு ஆரம்பிச்சது, ஞாயித்துக்கிழமைன்னா கொளத்தூர் போயி சும்மா கடை கடையா சுத்திட்டு ஒரு ஜோடி கப்பியோட திரும்பி வர்ற கேஸு. கொளத்தூர்ல வண்ண மீன் வியாபாரம் எப்டின்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும், ரோட்டு மேல கடைங்க, உள்ள சந்துல போனா வீட்டு மொட்டை மாடில சிமெண்ட் தொட்டி கட்டி மீன் வளப்பாங்க, ஒரு ஏரியாவே அதுல பொழைக்குது. அங்க கத்துக்கிட்டது எல்லாமே நல்ல தண்ணி மீனு. இருபது வருஷமா கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ், ஆஸ்கார்னு வளத்தவனுக்கு ஒரு திமிரு இருக்கும்ல, அந்த திமிருதான் இந்த கதைக்கே ஆரம்பம். உப்புத் தண்ணி மட்டும் என்ன பெரிய இதுவா, உப்ப போட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

பிப்ரவரி கடைசில 3 அடி தொட்டி வாங்குனேன். 36 இஞ்ச் நீளம், 15 அகலம், 18 உயரம், முழுசா ரொப்புனா 159 லிட்டர் கிட்ட வரும், கல்லு மண்ணு போனா 140 லிட்டர் தண்ணின்னு வெச்சுக்கலாம். கடல் தண்ணில லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அப்ப 140 லிட்டருக்கு அஞ்சு கிலோ உப்பு வேணும், அதுவும் சமையல் உப்பு இல்ல, கால்சியம் மெக்னீசியம் எல்லாம் சேத்த சால்ட் மிக்ஸ். அந்த வாளிய தூக்கிட்டு படி ஏறும்போது கீழ் வீட்டு அண்ணன் பாத்துட்டு கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி, "ஏம்பா, ரோட்ட தாண்டுனா கடலு, நீ இன்னாத்துக்கு உப்ப துட்டு குடுத்து வாங்கினு வர்ற?"

நியாயமான கேள்விதான். ஆனா நம்ம கடல நமக்குத்தான தெரியும். ஹார்பர் ஓரத் தண்ணில டீசல் மெதக்கறத தினம் பாக்கறோம். 2017 ஜனவரில எண்ணூர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுனப்ப ஜனங்க பக்கெட்டால அள்ளுனாங்க, 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணூர் கழிமுகம் பூரா மறுபடி எண்ணெய், போட்டு, வலை, வீட்டு சுவரு எல்லாம் கறுப்பு. அது இல்லாட்டியும் வடகிழக்கு பருவமழை நேரத்துல ஆத்துத் தண்ணி எல்லாம் வந்து கலந்து கரையோரம் உப்போட அளவே கொறஞ்சு போயிடும், இன்னிக்கு மொண்டு வந்த தண்ணியும் மூணு மாசம் கழிச்சு மொண்டு வர்ற தண்ணியும் ஒண்ணு கெடையாது. அதனால ஆர்ஓ தண்ணி, வாளி உப்பு. அண்ணனுக்கு இவ்ளோ வெளக்கம் குடுக்கல, சிரிச்சுட்டு மேல வந்துட்டேன்.

கடைக்காரர் சொன்னது இதுதான், "ஒரு வாரம் மோட்டார ஓட விடுங்க சார், தண்ணி செட் ஆயிடும், அப்றம் மீன் விட்டுக்கலாம்." நான் ஒரு வாரம் இல்ல, மூணு வாரம் ஓட விட்டேன், பொறுமைசாலின்னு எனக்கு நானே ஷொட்டு குடுத்துக்கிட்டேன். டெஸ்ட் கிட் வாங்கி தண்ணிய சோதிச்சேன். அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 0. மூணும் ஜீரோ. ஃபோட்டோ எடுத்து நண்பனுக்கு வாட்ஸப்ல வேற அனுப்புனேன்.

அந்த மூணாவது ஜீரோதான் என் முட்டாள்தனத்தோட சர்டிஃபிகேட்டு, அப்ப புரியல. மீனு கழிக்கறது, மிச்ச தீனி அழுகறது எல்லாம் அமோனியாவா மாறும், அத ஒரு வகை பாக்டீரியா தின்னு நைட்ரைட்டா மாத்தும், நைட்ரைட்ட இன்னொரு வகை தின்னு நைட்ரேட்டா மாத்தும். இந்த பாக்டீரியாங்க கல்லுலயும் ஃபில்டர்லயும் குடும்பம் குடும்பமா வளர நாலு வாரத்துலேர்ந்து ஆறு வாரம் ஆகும். ஆனா அதுங்களுக்கு சோறு போடணுமே? நான் மூணு வாரமா வெறும் உப்புத் தண்ணிய சுத்த விட்டுட்டு இருந்தேன். அமோனியாவே இல்லாத தண்ணில எந்த பாக்டீரியா வந்து வளரும்? இந்த பாக்டீரியா சைக்கிள் முடிஞ்ச தொட்டின்னா நைட்ரேட் ஏதாவது ஒரு நம்பர் காட்டியே ஆகணும். பரீட்சையே எழுதாதவன் நான் ஃபெயில் ஆகலன்னு ஊர் பூரா சொல்லிட்டு திரிஞ்ச மாதிரி.

இங்க ஒரு சின்ன விஷயம். பாக்டீரியா சீக்கிரம் வேணும்னா உசுருள்ள பவளக்கல்லு ரெண்டு கிலோ போடு, ராமேஸ்வரம் பக்கத்துலேர்ந்து யாரையாவது கொண்டு வரச் சொல்லுன்னு ஒருத்தன் ஐடியா குடுத்தான். பவளப்பாறைங்க 2001-லேர்ந்து வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, புலி இருக்கற அதே அட்டவணை. மன்னார் வளைகுடால கல்லு பேக்கறது புலித்தோல் விக்கற மாதிரி. நான் காய்ஞ்ச செராமிக் கல்லுதான் போட்டேன். அதுக்கு அர்த்தம் பாக்டீரியா சுத்தமா ஜீரோலேர்ந்து வரணும்ங்கறது, அத யோசிக்கல.

ஞாயித்துக்கிழமை நாலு நீல டாம்சல்ங்கற சின்ன கடல் மீனு வாங்கி விட்டேன். கெட்டியான மீனு, எதையும் தாங்கும்னு சொல்லி குடுத்தாங்க. ஆயா பக்கத்துல வந்து ஒக்காந்து பாத்துச்சு, அழகா கீதுன்னு சொல்லுச்சு, "இன்னா வெல?"ன்னு கேட்டுச்சு. "நாலும் சேந்து நூறு ரூபா ஆயா"ன்னு சொன்னேன். ஒண்ணே அதுக்கு மேல, ஆனா உண்மைய சொன்னா எங்க வீட்டுல அன்னிக்கு சோறு கெடச்சிருக்காது.

புதன்கிழமை சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து வந்து சட்டைய கழட்டும்போது ஆயா சொல்லுச்சு. "டேய், அது மேல மேல வந்து வாய தொறக்குது. செவுள பாத்தியாடா? எப்டி அடிச்சிக்குது பாரு." நான் எட்டி பாத்துட்டு, "பசிக்குது ஆயா அதுக்கு"ன்னு சொல்லி இன்னும் ரெண்டு சிட்டிகை தீனிய போட்டேன்.

எழுதறதுக்கே அசிங்கமா இருக்கு. அமோனியால மூச்சு முட்டிட்டு இருக்கற மீனுக்கு, இன்னும் அமோனியா ஆகப்போற தீனிய போட்டிருக்கேன்.

வியாழன் காலைல ஒண்ணு போச்சு. அன்னிக்கு ராத்திரியே இன்னும் ரெண்டு. டெஸ்ட் டியூப்ல மஞ்சளா இருக்க வேண்டிய தண்ணி நல்லா வாழையிலைப் பச்சைல நிக்குது, 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்கும். நல்ல தண்ணி தொட்டில இந்த மாதிரி அளவ நான் பாத்திருக்கேன், கப்பி சோர்ந்து போகும், பாதி தண்ணி மாத்துனா எழுந்து ஓடும். அந்த அனுபவம்தான் என்ன கவுத்துச்சு. அமோனியா ரெண்டு ரூபத்துல இருக்கும், ஒண்ணு பெருசா கெடுதல் பண்ணாதது, இன்னொண்ணு வெஷம், எது எவ்ளோன்னு முடிவு பண்றது தண்ணியோட பிஹெச், அதாவது அமிலமா காரமாங்கற அளவு. பிஹெச் 7-லேர்ந்து 8-க்கு போனா வெஷத்தோட பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு ஏறும். கடல் தண்ணி 8.1, 8.2-லதான் நிக்கும். ஆக அதே பச்ச கலரு, நல்ல தண்ணில தலவலி, உப்புத் தண்ணில சாவு. மீனு தன் ஒடம்புல உண்டாகற அமோனியாவ செவுள் வழியாதான் வெளிய தள்ளுது, வெளிய ஏற்கனவே நெறைஞ்சு கெடந்தா உள்ளயே தேங்கிடும், அதோட செவுளோட மெல்லிசு சதையும் வெந்து போகும். அதான் அந்த அடிச்சிக்கறது.

மிச்சம் இருந்த ஒண்ண பையில போட்டு அதே கடைக்கு எடுத்துட்டு போனேன். வாங்கிக்கிட்டாரு, காசு தரல, நானும் கேக்கல.

அப்புறம் ஒழுங்கா ஆரம்பிச்சேன். ஒழுங்கான்னா எப்டி, மீனே இல்லாம அமோனியா குடுக்கணும், அதுக்கு ஈசியான வழி ஒரு பச்சை எறாவ தொட்டில போட்டு அழுக விடறது. ஆயா கூடைலேர்ந்து, சரி, இப்ப கூடை இல்ல, பிரிட்ஜ்லேர்ந்துதான், ஒரு நல்ல எறாவ எடுத்து தண்ணில போட்டேன். அது ஆயா கண்ணுல பட்டுச்சு. "எறா கிலோ இன்னா வெல விக்குது, தொடப்பக்கட்ட, அழுவ விடறியா? செவுளு மேலயே ஒண்ணு வுட்டேன்னா..." அன்னிக்கு வரைக்கும் எனக்கு செவுளுன்னா கன்னம்தான், அடி வாங்கற எடம். மீனோட செவுளுக்கும் மனுஷன் கன்னத்துக்கும் நம்ம ஊர்ல ஒரே வார்த்த ஏன் வந்துச்சுன்னு அன்னிக்குதான் யோசிச்சேன்.

நாத்தம் பத்தி எழுத வேணாம்னு பாக்கறேன். நாலாவது நாள்லேர்ந்து ஒரு வாரம் என் பொண்டாட்டி, "ஏங்க, விருந்தாளி யாராவது வந்தா எலி செத்துருக்குன்னு சொல்லிக்கலாமா"ன்னு கேட்டா. அமோனியா ஏறி எறங்குச்சு, நைட்ரைட் ஏறுச்சு, அது எறங்கவே மாட்டேன்னு மூணு வாரம் நின்னுச்சு, நான் ராத்திரி ராத்திரி டெஸ்ட் டியூப ஆட்டிட்டு ஒக்காந்திருந்தேன். நைட்ரைட்டுக்கு அவ்ளோ பயந்திருக்க வேண்டியதே இல்ல, அதுவும் பின்னாடிதான் படிச்சேன். நல்ல தண்ணில நைட்ரைட் ரத்தத்துல போயி ஆக்ஸிஜன தூக்க விடாம பண்ணும், செவுளே காபிக்கொட்டை கலருக்கு மாறிடும். கடல் தண்ணில குளோரைடு அவ்ளோ இருக்கறதால அது நைட்ரைட்ட செவுளுக்குள்ள போக விடாம மறிச்சுக்கும். ஏப்ரல் கடைசில, ஒருவழியா மொத ரெண்டும் ஜீரோ, நைட்ரேட் 20. அந்த 20-அ பாத்தப்ப வந்த சந்தோஷம் சம்பளம் ஏறுனப்பகூட வரல.

அதுக்குள்ள தடைகாலம் ஆரம்பிச்சிருந்துச்சு. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகு எதுவும் போகாது, காசிமேடே கல்யாண வீடு முடிஞ்ச மறுநாள் மாதிரி கெடக்கும். எங்க தெருவுல பாதி பேரு வீட்டுல, வலை பின்னறது, கேரம் ஆடறது. எங்க வீட்டு தொட்டி பேமஸ் ஆனது அப்பதான். மீனே இல்லாத ஊர்ல மீன் இருக்கற ஒரே வீடு.

மே மொத வாரத்துல ரெண்டு க்ளவுன் மீனு வாங்குனேன், ஆரஞ்சுல வெள்ள பட்ட போட்டது, எல்லா கொழந்தைக்கும் தெரிஞ்ச மீனு. இந்த தடவ வெவரமா கேட்டேன், கடல்லேர்ந்து புடிச்சதா, தொட்டில பொறந்ததான்னு. க்ளவுன் மீன தொட்டிலயே இனப்பெருக்கம் பண்ற வித்தைய நம்ம நாட்டுலயே எப்பவோ கண்டுபுடிச்சாச்சு, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதுல வேல பண்ணிருக்கு. வெளிநாட்டு பவளப்பாறைலேர்ந்து புடிக்கற மீனுல சிலது சயனைடு அடிச்சு மயக்கி புடிச்சது, பாக்க நல்லா இருக்கும், நாள் கழிச்சு காரணமே இல்லாம சாகும். தொட்டில பொறந்ததுன்னா அந்த சந்தேகம் இல்ல.

கடைத் தண்ணில உப்பு கம்மி, வெறும் தண்ணிய 1-ன்னு வெச்சா அடர்த்தி 1.019 தான், என் தொட்டில 1.025. ஒட்டுண்ணி அண்டாம இருக்கவும் உப்பு செலவு கொறையவும் சில கடைங்க அப்டி வெச்சிருப்பாங்க. கடல் மீனு ஒடம்புலேர்ந்து எப்பவும் தண்ணி வெளிய போயிட்டே இருக்கும், அதனால அது விடாம கடல் தண்ணிய குடிச்சு உப்ப செவுள் வழியா வெளிய தள்ளுது. திடீர்னு உப்பு ஜாஸ்தியான தண்ணில தூக்கி போட்டா அந்த வேலைய சமாளிக்க முடியாது. அதனால மெடிக்கல் ஷாப்ல குளுக்கோஸ் ஏத்துற டியூப் வாங்கி, தொட்டித் தண்ணிய சொட்டு சொட்டா மீன் இருக்கற வாளில விட்டேன், ரெண்டு மணி நேரம். ஆயா கட்டில்ல ஒக்காந்து பாத்துட்டு, "எனக்கு காய்ச்ச வந்தப்ப நாலு மணி நேரம் பெரிய ஆஸ்பத்திரில க்யூல நிக்க வெச்சான், மீனுக்கு வீட்லயே ட்ரிப்ஸு."

ரெண்டு வாரம் சொர்க்கம். ரெண்டும் சேந்து சுத்தும், கைய பாத்தா ஓடி வரும்.

அக்னி நட்சத்திரம் உச்சத்துல இருந்தப்ப ஒரு காலைல ரெண்டுல பெருசு செத்து கெடந்துச்சு.

இந்த சாவுதான் என்ன ஒடச்சுது. டாம்சல் செத்தது என் அவசரம், ஒத்துக்கறேன், அதுல ஒரு கணக்கு இருக்கு. இது? டெஸ்ட் பண்றேன், அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 15, பிஹெச் 8.1, உப்பு 1.024. புத்தகத்துல போட வேண்டிய நம்பருங்க. ஒடம்புல புண்ணு இல்ல, வெள்ள புள்ளி இல்ல. ஒரு க்ரூப்ல ஃபோட்டோ போட்டேன், ஒருத்தர் வெல்வெட் நோய்னாரு, தொட்டி பூரா காப்பர் மருந்து ஊத்துன்னாரு. வெல்வெட்ட நானும் சந்தேகப்பட்டேன், அதுலயும் செவுளு வேகமா அடிக்கும், ஆனா டார்ச் அடிச்சு சாய்ச்சு பாத்தா தங்கத் தூள் தூவுன மாதிரி தெரியணும், மிச்சம் இருந்ததுல அப்டி ஒண்ணும் இல்ல. காப்பர் ஊத்துனா அது கல்லுல போயி ஒக்காந்துக்கும், அப்புறம் எறா, நத்தை, பவளம்னு எதையும் அந்த தொட்டில நம்பி விட முடியாது. ஊத்தல. நான் பண்ண சில நல்ல காரியத்துல அது ஒண்ணு.

அப்புறம் குத்தவாளி கெடச்சுட்டான்னு நெனச்சேன். கொசு. அதாவது கொசு மருந்து. அந்த வாரம் தெருவுல புகை வண்டி வந்துட்டு போச்சு, வீட்டுக்குள்ள சுவத்துல சொருகற கொசு லிக்விட் தொட்டிலேர்ந்து ரெண்டடில ஓடிட்டு இருக்கு, ஏர் பம்ப் ரூம் காத்தத்தான் உறிஞ்சு தண்ணில விடுது. அந்த லிக்விட்ல இருக்கற பைரித்ராய்டு வகை மருந்து மனுஷனுக்கு பெருசா ஒண்ணும் பண்ணாது, மீனுக்கு ரொம்ப கெடுதல், அது உண்மை. உடனே கொசு லிக்விட்ட புடுங்கி எறிஞ்சேன். அஞ்சு நாள் வீடே கைதட்டுச்சு, என் பொண்ணு கால்ல கடி இல்லாத எடமே இல்ல. ராயபுரத்துல கொசு மருந்து இல்லாம அஞ்சு நாளுங்கறது சும்மா இல்ல. ஆறாவது நாள் பொண்டாட்டி ஒண்ணும் பேசல, லிக்விட்ட உள் ரூம்ல சொருகிட்டு கதவ சாத்திட்டு படுத்துட்டா.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி ஒரு மணிக்கு கரண்ட் போச்சு. எங்கயோ டிரான்ஸ்பார்மர் வெடிச்ச சத்தம், தெரு பூரா இருட்டு, காத்து அசையல. ஆயா ஹால்ல தொட்டிக்கு பக்கத்துலதான் பாய் போட்டு படுக்கும். என்ன எழுப்பி, "டேய், எழுந்திரு, உன் மீனு சாவுது."

செல்போன் லைட்ட அடிச்சு பாத்தேன். க்ளவுனு தண்ணி மேல்மட்டத்துல ஒட்டிட்டு நிக்குது, செவுளு மூடி நிமிஷத்துக்கு எவ்ளோன்னு எண்ணவே முடியல, படபடபடன்னு அடிக்குது. நான் பழக்க தோஷத்துல டெஸ்ட் கிட்ட தேடறேன் இருட்டுல. ஆயா எங்கிட்டேர்ந்து லைட்ட புடுங்கி, "அத வெச்சு இன்னா பண்ணப்போற? கரைக்கு வந்த மீனு சாவறதுக்கு முந்தி இப்டித்தான் செவுள விரிக்கும். தண்ணில இருந்துக்கினே அதுக்கு மூச்சு முட்டுது. சொம்பு எட்த்துனு வா"ன்னுச்சு.

சொம்புல தண்ணிய மொண்டு ஒரு அடி ஒசரத்துலேர்ந்து திரும்ப அதே தொட்டில ஊத்தணும். அவ்ளோதான். மொண்டு ஊத்து, மொண்டு ஊத்து. நான் கொஞ்ச நேரம், பொண்டாட்டி கொஞ்ச நேரம், எழுந்து வந்த பொண்ணு கொஞ்ச நேரம், தரையெல்லாம் உப்புத் தண்ணி. அரை மணி நேரத்துல செவுளு வேகம் கொறைய ஆரம்பிச்சுது, மீனு ரெண்டு இஞ்ச் கீழ எறங்குச்சு. மூணரைக்கு கரண்ட் வந்து மோட்டார் உறும ஆரம்பிச்சப்பதான் ஆயா அத சொல்லுச்சு, ரொம்ப சாதாரணமா, சொம்ப கழுவிக்கிட்டே.

"அன்னிக்கு பெருசு செத்துச்சே, அன்னிக்கு ராத்திரிகூட இந்த சத்தம் இல்ல."

எனக்கு வயித்துல ஏதோ எறங்குச்சு. அன்னிக்கு ராத்திரி கரண்ட் போகல. ஏர் பம்ப ஆஃப் பண்ணது நான்தான். அது கொர்ருன்னு அடிச்சுட்டே இருக்கும், ஆயா தூக்கம் வராம பொரண்டு பொரண்டு படுத்துச்சு, பாவம் வயசான மனுஷி, ஒரு ராத்திரி தூங்கட்டும்னு ஸ்விட்ச்ச அணைச்சேன். உள்ள இருக்கற சின்ன மோட்டார் ஓடிட்டுதான் இருந்துச்சு, ஆனா அது அடில சுத்துது, தண்ணியோட மேல்மட்டத்த அசைக்கவே இல்ல. ஆக்ஸிஜன் உள்ள போறது அந்த மேல்மட்டம் வழியாதான்.

மறுநாள் லீவு போட்டுட்டு ஒக்காந்து கணக்கு போட்டேன். 25 டிகிரில நல்ல தண்ணி லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல ஆக்ஸிஜன் புடிக்கும். அதே சூட்டுல கடல் தண்ணி 6.7 தான் புடிக்கும், உப்பு எடத்த அடைச்சுக்குது. 32 டிகிரிக்கு போனா 6. எங்க ஹால்ல மே மாசம் தொட்டித் தண்ணி 31.5-லேர்ந்து 32. அதாவது மோட்டார் எல்லாம் நல்லா ஓடும்போதே என் மீனுங்க பழைய நல்ல தண்ணி மீனுங்க மாதிரி இல்ல, முக்கால் வயித்துக்குத்தான் மூச்சு விட்டுட்டு இருந்துருக்குங்க.

இன்னொண்ணும் மாட்டுச்சு. ஒரு நண்பன்கிட்ட ரிஃப்ராக்டோமீட்டர், அதாவது வெளிச்சத்த வெச்சு உப்ப அளக்கற கருவி, கடன் வாங்கி பாத்தேன், 40 பிபிடி, அதாவது லிட்டருக்கு 40 கிராம், அடர்த்தி 1.030. என் கருவி 1.024 காட்டுது! என்கிட்ட இருந்தது முள்ளு ஆடற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர், முள்ளு மேல உப்பு படிஞ்சு கனம் ஏறிடுச்சு, கனமான முள்ளு கீழயே நிக்கும், கம்மியாவே காட்டும். கழுவி வெக்கணும்னு யாரும் சொல்லல, பெட்டி மேல எழுதிருந்துச்சு, நான் படிக்கல. சரி, உப்பு ஏன் ஏறுச்சு? வெயிலுக்கு ஃபேன் வெச்சதுல தெனம் ரெண்டு லிட்டர் ஆவியா போகுது. போற தண்ணிக்கு பதிலா நான் உப்பு கலந்த தண்ணிய ஊத்திட்டு இருந்தேன். ஆவியா போறது வெறும் தண்ணி, உப்பு தொட்டிலயே தங்கிடும், இது நாலாங்கிளாஸ் பாடம். பத்து நாள்ல 20 லிட்டர், லிட்டருக்கு 35 கிராம்னா 700 கிராம் உப்பு கூடுதலா ஏறிருக்கு, 140 லிட்டருக்கு பிரிச்சா லிட்டருக்கு 5 கிராம். 35-ம் 5-ம் 40. சரியா வந்து நிக்குது. செங்கடல்ல 40-லதான் மீனுங்க வாழுது, அதனால உப்பு மட்டும் கொன்னுச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா சூடு, உப்பு, அசையாத தண்ணி மூணும் ஒரே ராத்திரில கூடுனா? கோர்ட்டுல நிக்காது, பிரேத பரிசோதனை எல்லாம் பண்ணல, ஆனா எனக்கு இது போதும். கொசு மருந்துக்காரன்கிட்ட மானசீகமா ஒரு ஸாரி. உள் ரூம்லயே இருக்கட்டும் அது, இருந்தாலும்.

இப்ப மோட்டார் மூஞ்சிய மேல் பக்கமா திருப்பி வெச்சிருக்கேன், தண்ணி மேல எப்பவும் சலசலன்னு அலை ஓடும். கரண்ட் போனா தானா ஓடற பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு. கண்ணாடில மார்க்கர் பேனால கோடு, கோட்டுக்கு கீழ எறங்குனா வெறும் ஆர்ஓ தண்ணி மட்டும். உப்ப ஒரே நாள்ல எறக்கல, ஒரு வாரம் எடுத்துக்கிட்டேன், தெனம் கொஞ்சம் உப்புத் தண்ணிய எடுத்துட்டு நல்ல தண்ணி. டெஸ்ட் கிட் இருக்கு, வாரம் ஒருவாட்டி பாக்கறேன். ஆனா காலைல எழுந்ததும் மொதல்ல பண்றது, பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி, தொட்டி முன்னாடி நின்னு செவுள எண்றது. அமைதியா இருக்கறப்ப அதோட வேகம் என்னன்னு இப்ப எனக்கு மனப்பாடம். டெஸ்ட் கிட்டுக்கு நாம என்ன கேக்கறமோ அதுக்குத்தான் பதில் சொல்லத் தெரியும், ஆக்ஸிஜன நான் கேக்கவே இல்லையே. மீனு ரெண்டு தடவையும் மொதல்லயே சொல்லுச்சு, ரெண்டு தடவையும் அத கேட்டது கிட் வாங்காத ஆளு.

தடைகாலம் முடிஞ்சு மொத போட்டுங்க திரும்புன அன்னிக்கு ஆயாவ பைக்ல பின்னாடி ஒக்கார வெச்சு காசிமேடு கூட்டிட்டு போனேன். ரெண்டு மாசம் கழிச்சு அந்த எரைச்சல், ஐஸ் ஒடைக்கற சத்தம், ஏலம். ஒரு வஞ்சிரத்த கையில எடுத்து கட்டை விரலால செவுள் மூடிய தூக்கி பாத்துச்சு, வெச்சுடுச்சு. அடுத்தத தூக்கி பாத்துச்சு, வெச்சுடுச்சு. மூணாவது மீனோட செவுளு ரத்தமா செவந்திருந்துச்சு, "இத வெட்டு"ன்னுச்சு. நான் அந்த வெரல பாத்துட்டே நின்னேன்.

வீட்டுக்கு வந்ததும் பைய கீழகூட வெக்காம நேரா தொட்டிகிட்ட போயி குனிஞ்சு நின்னுச்சு. க்ளவுனு கைய பாத்து ஓடி வந்துச்சு.

"இன்னிக்கு நல்லா கீது. தனியா கீதேடா, இன்னொண்ணு வாங்கி வுடு. இன்னா வெல இது?"

"எம்பது ரூபா ஆயா."

"நாப்பது வருசம் மீன் வித்தவகிட்ட வெல சொல்றான் பாரு"ன்னுட்டு பைய தூக்கினு சமையல்கட்டுக்கு போச்சு.